மதிலுக்கும் வடிகாலுக்கும் இடையே பத்தடி

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில் தெருவோர மழைநீர் வடிகால்களைத் தூர்வாருவது சென்னை மாநகராட்சியின் வழக்கம். எத்தனை கிலோமீட்டர் நீளம் தூர்வாரப்பட்டது, எத்தனை மோட்டார் பம்புகள் ஆயத்தமாக உள்ளன என்கிற அறிவிப்புகள் அடுத்தடுத்து வெளியாகும். எதிர்க்கட்சிகள் அந்தக் கணக்கை ஏற்க மறுக்கும். முதல் கனமழையில் யார் சொன்னது சரி என்பது தெரிந்துவிடும்.

இந்த வாதப் பிரதிவாதங்களில் இடம்பெறாத வடிகால் ஒன்று உண்டு. வீட்டு மதிலுக்குள் இருக்கும் வடிகால்தான் அது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய், முன்வாசலிலும் பக்கவாட்டுச் சந்திலும் விழும் நீரை வாங்கும் சிறு கால்வாய், கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே உள்ள சல்லடை, இவற்றையெல்லாம் இணைத்துத் தெருவுக்கு அனுப்பும் நாலு அங்குலக் குழாய். எவர் கணக்கிலும் வராத இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், தெரு வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. வெளியே தெரு வடிந்துவிட்டிருக்க, உள்ளே கணுக்கால் அளவு நீர் நிற்கும் வீடுகளைப் புறநகரெங்கும் காணலாம்.

இதை வீட்டுக்காரரின் சொந்தப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி; ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 22,000 லிட்டருக்கும் அதிகம். கோடையில் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட இரண்டை ஒரே நாளில் வாசலில் கவிழ்த்ததற்கு ஒப்பானது அது. இந்த நீர் முறையாக வெளியேறாவிட்டால் முறைகேடாக வெளியேறும். அண்டை மனைக்குள் புகும். அல்லது பாதாளச் சாக்கடைக்குள் திருப்பிவிடப்படும்.

பெருவெள்ளங்களை இங்கே கணக்கில் கொள்ளவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அத்தகைய மழைக்கு எந்த வீட்டு வடிகாலும் ஈடுகொடுக்காது. மிக்ஜம் புயலின்போது கடல் மட்டமே உயர்ந்து ஆற்று முகத்துவாரங்களில் நீரை ஏற்க மறுத்தது. ஆனால், அப்படிப்பட்ட நாள்கள் பத்தாண்டுக்கு ஒன்றிரண்டு. ஐந்து செ.மீ., எட்டு செ.மீ. மழைக்கே வாசலில் செங்கல் அடுக்கி நடக்கும் நிலை ஆண்டுதோறும் வருகிறது. அதற்குப் புயலைக் குறை சொல்ல முடியாது.

குழாய் சிறியது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கணக்கிட்டுப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மையன்று. ஒரு கிரவுண்ட் மனையில் மணிக்கு 5 செ.மீ. வேகத்தில் மழை பெய்தால் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் சேரும். நூறு அடிக்கு ஓரடி சரிவில் பதிக்கப்பட்ட, அடைப்பில்லாத நாலு அங்குல பிவிசி குழாய் விநாடிக்கு ஆறு லிட்டருக்கு மேல் கடத்தவல்லது. ஆகவே, குழாய் போதாமல் நீர் நிற்பதில்லை. குழாய்க்குள் மண் இருக்கிறது, அல்லது குழாய்க்குச் சரிவு இல்லை, அல்லது குழாயின் மறுமுனையில் நீர் போய்ச் சேர இடமில்லை. இந்த மூன்றில் எது என்று தெரியாமலேயே முற்றத்தை இடித்து ஆறு அங்குலக் குழாய் போடுகிறவர்கள் அடுத்த மழையில் அதே இடத்தில் அதே நீரைப் பார்க்கிறார்கள்.

எது என்று கண்டறிவது கடினமன்று. மழையில்லாத ஒரு நாளில், மதிலையொட்டி உள்ள கடைசி சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, முற்றத்துச் சல்லடை வழியாக நாலைந்து வாளி நீரைத் தொடர்ச்சியாக ஊற்ற வேண்டும். சேம்பருக்கு நீர் வந்து சேரவில்லை என்றாலோ, நூல்போல் கசிந்து வந்தாலோ, அடைப்பு மதிலுக்கு உள்ளே. நீர் தடையின்றி வந்து சேம்பரிலேயே தேங்கி நின்றால் கோளாறு மதிலுக்கு வெளியே. மூடியைத் திறக்கும்போதே சேம்பர் நிரம்பியிருந்து, துர்நாற்றமும் அடித்தால் அது வேறு கதை. எங்கோ கழிவுநீர் கலந்திருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

மதிலுக்கு உள்ளே ஏற்படும் அடைப்பு பெரும்பாலும் மண்ணாலும் இலையாலும் ஆனது. மாடியில் சேரும் தூசி, வேப்பம்பூ, முருங்கை இலை, தென்னை நார், துவைக்கும் கல்லிலிருந்து வழியும் சோப்பு நுரை எல்லாம் ஒன்றுசேர்ந்து குழாயின் அடியில் படிகின்றன. வீட்டில் கட்டட வேலை நடந்திருந்தால் நிலைமை மோசம். கொத்தனார் பாண்டுச் சட்டியைக் கழுவிய சிமென்ட் நீர் சல்லடை வழியே இறங்கிக் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். அதை எந்தக் குச்சியாலும் குத்தி எடுக்க முடியாது. அந்தப் பகுதிக் குழாயை வெட்டி மாற்றத்தான் வேண்டும். வேர் புகுந்திருந்தாலும் அப்படியே. குழாய் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஈரத்தைத் தேடி வேர் வந்துவிடும்.

மண்ணும் இலையும் மட்டும்தான் என்றால் ஒரு பகல் வேலை. மூங்கில் பிளாச்சையோ பிளம்பர் வைத்திருக்கும் ஸ்பிரிங்கையோ சேம்பர் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் செலுத்தி, வண்டலைக் கீழே இழுத்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஹோஸ் வைத்து நீர் பாய்ச்சினால் குழாய் திறந்துவிடும். மேலிருந்து குத்தித் தள்ளினால் வண்டல் இன்னும் இறுகும். வந்து விழும் மண்ணை அள்ளி வெளியே போடாமல் தெரு வடிகாலில் தள்ளிவிடுவது பலரின் வழக்கம். அந்த மண்ணைத்தான் மறு ஆண்டு நம் வரிப் பணத்தில் மாநகராட்சி தூர்வாருகிறது.

அடைப்பு என்றதும் அமிலத்தை ஊற்றுவதையும் சொல்லியாக வேண்டும். மண் அமிலத்தில் கரையாது. இலையும் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. ஊற்றிய அமிலம் அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கும். பின்னர் அதில் கைவைக்கிறவரின் தோலைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போடப்பட்ட இடத்தில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லி விற்பதில்லை.

மீண்டும் அடைக்காமல் இருக்க வேண்டுமானால் வண்டல் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். சேம்பரின் தரை, வெளியேறும் குழாயின் வாயைவிட ஓரடி தாழ்வாக இருந்தால் மண் அங்கேயே படியும். நீர் மட்டும் மேலே வழிந்து போகும். ஆண்டுக்கு இருமுறை அதை அள்ளிப் போடுவது ஒரு மணி நேர வேலை. ஆனால், பெரும்பாலான வீடுகளில் சேம்பரின் தரையும் குழாயின் வாயும் ஒரே மட்டத்தில் இருக்கும். தரை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று கொத்தனார் பூசிவிட்டுப் போயிருப்பார். பல வீடுகளில் சேம்பரின் மூடியே தெரியாது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.

இதுவரை சொன்னது வீட்டுக்காரர் தம் பொறுப்பில், தம் செலவில் செய்துகொள்ளக்கூடியது. செய்தாக வேண்டியதும்கூட. மதிலைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது.

சென்னையின் பரப்பு 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகள் பலவற்றில் முதலில் மனைகள் விற்கப்பட்டன. பின்னர் வீடுகள் எழுந்தன. சாலை அதற்கும் பின்னர் வந்தது. வடிகால் எல்லாவற்றுக்கும் கடைசி. அதாவது, ஒரு வீட்டின் தரைமட்டம் தெருவின் மட்டம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே மேஸ்திரியின் ஊகத்தில் முடிவாகிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் கொட்டப்பட்டது. மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறார்கள்.

இதை அரசு அறியாமல் இல்லை. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ.இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் போட வேண்டும், சாலை உயர்ந்து வீடுகளுக்குள் நீர் புகும் நிலை கூடாது என்று அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் இப்போது சுரண்டும் இயந்திரங்களைப் பார்க்க முடிகிறது. உட்புறத் தெருக்களில் அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. ஏற்கெனவே தாழ்ந்துபோன வீடுகளுக்கோ அந்த அறிவுறுத்தல் எதையும் திருப்பித் தராது.

அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தையடுத்து ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ.திருப்புகழ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. புதிய வடிகால்கள் பெருமளவில் கட்டப்பட்டன. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கியும், கோவளம் வடிநிலப் பகுதியில் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியும் கடன் தந்திருக்கின்றன. இந்த முதலீட்டைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. பல சாலைகளில் நீர் முன்பைவிட விரைவாக வடிகிறது என்பது கண்கூடு.

ஆனால், அந்த கான்கிரீட் வடிகால் சாலையின் நீரை வாங்குவதற்காகக் கட்டப்பட்டது. அதன் பக்கச் சுவரில் சாலையை நோக்கித் திறப்புகள் இருக்கின்றன. வீடுகளை நோக்கி இருப்பதில்லை. வீட்டு மதிலுக்கும் வடிகால் சுவருக்கும் இடையே சராசரியாகப் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தடிக்குள் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், இணையக் கேபிள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அதில் மழைநீருக்கு ஒரு குழாய் போட வேண்டியது யார்? போட்டால் தூர்வார வேண்டியது யார்? நடைமுறையில் இதற்கு விடை கிடையாது. சாலையை வெட்ட அனுமதி வேண்டும். வடிகால் சுவரைத் துளைப்பது குற்றம். துளைக்காவிட்டால் நீர் போகாது. விளைவு, ஓர் இரவில் யாரோ ஒரு பிளம்பர் வந்து துளைத்துவிட்டுப் போகிறார். எந்த மட்டத்தில் துளைத்தார் என்பது அவருக்கே தெரியாது. துளை தாழ்ந்திருந்தால் வடிகால் நிரம்பும்போது நீர் வீட்டுக்குள் திரும்பி வரும். மோட்டார் வைத்து அதை மீண்டும் வடிகாலுக்கே இறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

துளைக்கத் துணியாதவர்கள் இன்னும் எளிதான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முற்றத்து மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்துவிடுவது. சேம்பர் பக்கத்திலேயே இருக்கிறது. குழாயும் நீளம் குறைவு. பாதாளச் சாக்கடை, வீடுகளில் பயன்படுத்தி வெளியேறும் நீரின் அளவைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. ஒரு தெருவில் இருபது வீடுகள் மழைநீரை அதற்குள் விட்டால், மழை வலுக்கும் அரைமணி நேரத்தில் அது தாங்காது. தெருவின் தாழ்வான கோடியில் உள்ள வீட்டின் கழிப்பறைக் கோப்பை வழியாக எல்லோருடைய கழிவும் மேலே வரும். அந்த வீட்டில் இருப்பவர் செய்த பிழை, தாழ்வான இடத்தில் வீடு வாங்கியது மட்டுமே.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. கழிவுநீர் இணைப்பு இல்லாத, அல்லது இணைப்புக்குப் பணம் கட்ட விரும்பாத வீடுகளும் உணவகங்களும் மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விடுகின்றன. மழைநீர் வடிகால் கோடையிலும் நாறுவது இதனால்தான். அது கூவத்துக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போய்ச் சேர்கிறது. கழிவுநீருக்குப் பொறுப்பு 1978-இல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம்; தெரு வடிகாலுக்குப் பொறுப்பு மாநகராட்சி; பெரிய கால்வாய்களுக்கு நீர்வளத் துறை; சில சாலைகளின் வடிகால்கள் நெடுஞ்சாலைத் துறையிடம். நீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. கலந்தபின் யாருடைய நீர் என்று பிரிக்கவும் வழியில்லை.

கலந்துவிட்ட வடிகால் அடைத்துக்கொள்ளும்போது நடப்பதுதான் இந்த விஷயத்தில் மிகக் கொடியது. மழைநீர்ச் சேம்பர் என்று நினைத்து ஒருவரை இறங்கச் சொல்கிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு, அளவு கூடும்போது முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இன்னும் ஓரடி இறங்குகிறவர் சரிந்து விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் திரும்புவதில்லை. செய்திகளில் இத்தகைய மரணங்கள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் வருவதற்குக் காரணம் இதுதான்.

கழிவுநீர்க் குழிக்குள்ளும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு தடை செய்கிறது. உள்ளாட்சி அமைப்புக்கு மட்டுமல்ல, தனிநபருக்கும் அது பொருந்தும். நேரடியாக வேலைக்கு வைத்தாலும் இடைத்தரகர் வழியாக வைத்தாலும் பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டு வாசலில் நின்று 'ஆள் ஒருத்தரை அனுப்புங்கள்' என்று தொலைபேசியில் கேட்கும் நடுத்தர வர்க்கத்தினர் பலருக்கு, தாம் கேட்பது சட்டப்படி குற்றம் என்பது தெரியாது. அனுப்பப்படுகிறவர் எந்தச் சமூகத்திலிருந்து வருவார் என்பது மட்டும் சொல்லாமலே தெரியும்.

துர்நாற்றம் அடிக்கும் சேம்பரை மழைநீர்ச் சேம்பராகக் கருதவே கூடாது என்பது இதனால்தான். அதைத் திறந்து பார்க்கலாம். அதற்குள் தலையைக்கூட நுழைக்கக் கூடாது. நீரைப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் ஊர்தியும் கழிவை உறிஞ்சும் லாரியும் குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. வரத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஓர் உயிரோடு ஒப்பிட அதுவொரு வாதமாகாது.

மேற்சொன்ன பத்தடிக்குப் பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தால் இவற்றில் பெரும்பகுதி தீரும். தெருவில் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டப்பட்டிருக்கும்போதே, ஒவ்வொரு மனைக்கும் மதிலோரம் ஒரு வண்டல் சேம்பர் கட்டி, சரியான மட்டத்தில் வடிகாலுடன் இணைத்து, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பொருத்தி, எண்ணிட்டுவிடலாம். மதிலுக்கு வெளியே மாநகராட்சியின் பொறுப்பு, உள்ளே உரிமையாளரின் பொறுப்பு. குடிநீர் இணைப்பு வீடுதோறும் பதிவில் இருக்கும்போது மழைநீர் இணைப்பு மட்டும் ஏன் பதிவில்லாமல் இருக்க வேண்டும்?

அப்படி இணைப்புக் கொடுத்தால் எல்லோரும் கழிவுநீரை விடுவார்கள் என்பது அதிகாரிகள் தரப்பில் எழக்கூடிய மறுப்பு. அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால், இப்போதும் விடத்தான் செய்கிறார்கள், மண்ணுக்கடியில், யாருக்கும் தெரியாமல். எண்ணிட்ட சேம்பரின் மூடியைக் கோடைக்கால நண்பகலில் திறந்து பார்த்தால் போதும். ஈரம் இருந்தால் அது மழைநீரன்று. எந்த வீடு என்பதும் தெரிந்துவிடும். மறைவான இணைப்பைக் கண்டுபிடிக்க வடிகாலையே உடைக்க வேண்டியிருக்கிறது. செலவைப் பொருத்தவரை, மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டுவதைவிட, திறந்த பள்ளத்தில் ஒரு குழாயைப் போடுவது மலிவு என்பதற்குப் பொறியாளர் தேவையில்லை.

ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட வீடுகளுக்கு இது உதவாது. வடிகாலைவிடத் தாழ்ந்த முற்றத்திலிருந்து நீர் தானாக ஏறாது. அங்கே தொட்டியில் சேர்த்து இறைப்பது, அல்லது நிலத்துக்குள் இறக்குவது என்ற இரண்டே வழிகள்தாம். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழிகள் பல, ஜல்லிக்கு மேல் வண்டல் படிந்து, இருபது ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் கிடக்கின்றன. மேலடுக்கு மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போட்டாலே பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் அவை மீண்டும் நீர் குடிக்கும். களிமண் நிலத்தில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அங்கே மணல் அடுக்கை எட்டும்வரை ஆழ்துளை போட வேண்டியிருக்கும். எங்கேயானாலும், மனை முழுவதையும் சிமென்டால் மூடிவிட்டு நீர் போகவில்லை என்று அங்கலாய்ப்பதில் பொருளில்லை. மதிலோரம் இரண்டடி அகலத்துக்கு மண்ணை விட்டுவைத்திருந்தால் பல வீடுகளில் வடிகாலுக்கு வரும் சுமையே குறைந்திருக்கும்.

மழைநீர் வடிகால் புகாருக்கு மாநகராட்சியின் எண் 1913. கழிவுநீர் அடைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் எண் 1916. இரவு பத்து மணிக்குக் கொட்டும் மழையில், சேம்பரிலிருந்து பொங்கி வாசற்படியை நோக்கி ஏறும் நீர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முடிவுசெய்து, அதற்கேற்ற எண்ணை அழைக்கும் வேலை இப்போதைக்கு வீட்டுக்காரருடையதாகவே இருக்கிறது.